அனுமந்தன்பட்டியில இருந்து பிசிக்ஸுக்கு ஒரு அப்ளிகேஷன்

ஆமாங்க, ஒத்த அப்ளிகேஷன்தான். அதுக்கா இத்தன மாசம்னு கேக்குறீக. நீங்களும் கம்பத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கவுகதான, உங்களுக்குத் தெரியாததா? பட்டா, ரேஷன் கார்டுன்னா வந்தாக, போனாகன்னு முடிஞ்சிரும். காலேஜ் அப்ளிகேஷன்னா அந்தக் குடும்பத்தோட நம்மளும் சேந்துல்ல படிக்கணும்? டீ வரட்டும், சொல்றேன்.

அனுமந்தன்பட்டி பேச்சிமுத்தண்ணனுக்குத் திராட்சத் தோட்டம். அவுக மக பவித்ரா பிளஸ் டூ. வடக்க ஒரு பெரிய யுனிவர்சிட்டி இருக்கு. பரீச்சை எழுதி, இன்டர்வியூவும் தேறுனாத்தான் சீட்டு. அங்கன போயி பிசிக்ஸ் படிக்கணும்னு புள்ள ஒத்தக் கால்ல நிக்கிது. புள்ளைக்கு மூளை இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அம்புட்டுத் தூரம் அனுப்ப அப்பா சம்மதிக்கணும். அதுதான் பாடு.

வீட்டுப் பேரு

சர்நேம்னு ஒரு கட்டம், பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். நெரப்பாம மேல போக விடாது. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியலப் போட்டா, ஒத்த எழுத்து பத்தாதுங்குது. நம்ம பக்கத்துக்கு வந்துபோற மலையாளத்தாளுக வீட்டுப் பேரச் சேத்து எழுதுவாகளே, அந்த ஞாபகத்துல, "அண்ணே, உங்க வீட்டுக்குப் பேரு ஏதும் உண்டா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

கடைசியில அப்பா பேரையே போட்டு முடிச்சது வேற விஷயம். ஆனா அண்ணன் கவலையா ஒண்ணு கேட்டாக: "பால் காய்ச்சுனோம், குடி போனோம். பேரெல்லாம் வைக்கலியேப்பா. இப்ப வச்சாச் செல்லுமா?"

ரகசிய நம்பர்

ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் போகும். அண்ணன் தோட்டத்துல மருந்தடிச்சுக்கிட்டு இருக்காக. போனப் போட்டேன்.

"அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"வந்திருக்கு. யார்ட்டயும் சொல்லாதன்னும் வந்திருக்கு."

"நான்தாண்ணே கேக்குறேன்."

"நீயாத்தான் இரு. எல்லாரும் நான்தான்னு சொல்லித்தான கேப்பாய்ங்க?"

பவித்ரா போனப் புடுங்கி, "அப்பா, நான் உங்க மகப்பா"ன்னுச்சு. "யார்ட்டயும்னா அதுல நீயும் சேத்திதான் ஆத்தா"ன்னு வச்சுட்டாக. இங்கன நேரம் முடிஞ்சு போச்சு. அப்புறம் மருந்து வாடையோட பைக்குல நேர்லயே வந்து, புதுசா ஒரு நம்பர் வர வச்சு, போன மேசையில மல்லாக்க வச்சாக. வச்சுட்டு மொகத்த வாசப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொன்னாக: "நான் சொல்லல. நீயாப் பாத்துக்கிட்ட."

முட்டுவலிப் படிப்பு

பரீச்சையில புள்ள தேறிருச்சு. இன்டர்வியூவுக்குக் கூப்புட்டுட்டாகன்னதும் அண்ணன் மிட்டாய்ப் பெட்டியோட வந்து, கடையில நின்னவுகளுக்கெல்லாம் குடுக்குறாக. "நம்ம புள்ள முட்டுவலிக்குப் படிக்கப் போகுது. பிசியோ! கை வச்சா வலி பறந்துரும். ஊரு பூராச் சொல்லிட்டேன்."

நான் எடுத்த மிட்டாயப் பெட்டியிலயே வச்சுட்டேன். அப்ளிகேஷன் போட மட்டும் இம்புட்டு லேசா எப்படிச் சம்மதிச்சாகன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. பவித்ரா எந்திரிச்சு, "அப்பா, இது பிசியோ இல்ல. பிசிக்ஸு"ன்னு அத்தன பேரு முன்னாடியும் சொல்லிருச்சு. தைரியக்காரப் புள்ள.

அண்ணன் என்னையப் பாத்தாக. "அப்ப அது என்னப்பா படிப்பு?" நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சுப் பாஸானவன். பகல்ல மூட்டை தூக்கிட்டு வந்து பிசிக்ஸ் பாடத்துல பாதி வகுப்பு தூங்கும். முழிச்சிருந்த அளவுக்குச் சொன்னேன்: "ஒரு பொருளு ஏன் கீழ விழுதுன்னு படிப்பாகண்ணே."

அண்ணன் மிட்டாய்ப் பெட்டிய மூடுனாக. "கீழ விழுகாம வேற எங்கிட்டுப் போகும்? இதுக்கு எதுக்கு வடக்க போகணும்?"

ஐ டோன்ட் நோ

சரி, இன்டர்வியூ மட்டும் நடக்கட்டும், அனுப்புறத அப்புறம் பாப்போம்னாக. வீடியோ இன்டர்வியூ. அவுக வீட்டுல சிக்னல் நிக்காது, அதனால என் சென்டர்லதான். ஷட்டரப் பாதி எறக்கிட்டு நானும் அண்ணனும் வாசல்ல உக்காந்தோம். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. ஆனா "ஐ டோன்ட் நோ" யாருக்குத்தான் புரியாது? அது உள்ளயிருந்து திரும்பத் திரும்பக் கேக்குது. அண்ணன் மொகம் கறுத்துப் போச்சு.

புள்ள சிரிச்சுக்கிட்டே வெளிய வருது. "தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டு அலைச்சலு?"ன்னு பாஞ்சாக. "தெரியாததத் தெரியாதுன்னுட்டு, அங்கனயே யோசிச்சு யோசிச்சு விடையச் சொன்னேன்ப்பா. அதுதான் அவுகளுக்கு வேணுமாம்." அண்ணன் துண்ட உதறித் தோள்ல போட்டாக: "தெரியாதுன்னா சீட்டுத் தர்றதா இருந்தா, எனக்கே குடுத்திருக்கலாமே."

சம்மதம்

சீட்டு வந்திருச்சுங்க. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள சம்மதம்னு ஒரு பட்டன அமுக்கணும், இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும். எதுத்தாப்ல என் சென்டர்ல பாருங்க, கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கே, அதுதான் பவித்ரா. காலையில இருந்து அங்கனதான் இருக்கு. நான் அமுக்கிரட்டான்னு கேட்டேன். "வேணாம் சித்தப்பா. அப்பா மனசில்லாமப் போனா அங்கன எனக்குப் படிப்பே ஏறாது. வந்து அவுகளே சொல்லட்டும்"ங்குது. வருவாக. எனக்கு நம்பிக்கை இருக்கு.

அந்தா, பைக்குச் சத்தம். வந்துட்டாகல்ல! ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே சத்தம் போடுறாக, கேக்குதா?

"ஏப்பா, அங்கன டீக்கடையில என்ன பண்ற? புள்ள காலையில இருந்து காத்துக் கெடக்குது, மனசு கேக்கல. வடக்க போயிப் பிசிக்ஸே படிக்கட்டும்! ஆனா ஊருக்குள்ள பிசியோன்னு சொன்னது சொன்னபடியே இருக்கட்டும், வீடு வீடாப் போயி என்னால மாத்திச் சொல்ல முடியாது. வந்து எங்கன அமுக்கணும்னு காட்டு!"

பாத்தீகல்ல, நம்ம தொழில்ல புள்ளைகளத் தேத்துறது லேசு, அப்பன்மாரத் தேத்துறதுதான் என்ட்ரன்ஸு.

இந்தா வந்துட்டேண்ணே!