வாரண்ட் வந்திருக்கும்மா!

வாரண்ட் கான்ஸ்டபிள் வேலை என்றால், கோர்ட்டுக்கு வராத ஆளை அவன் வீட்டிலும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்த் தேடுவது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று நான் சைக்கிள் மிதிக்காத சந்து இல்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்தால் ஏட்டய்யா முறைப்பார். தெருவில் நின்றால் நாய் துரத்தும். கதவைத் தட்டியதுமே முகம் சுளிக்க வைக்கிற வேலை பார்த்தவரா நீங்கள்? மீட்டர் பார்ப்பவரோ, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோ? அப்படியானால் இதெல்லாம் உங்களுக்கே தெரிந்த கஷ்டம்தான்.

ரேடியோ ரிப்பேர்

தண்டையார்பேட்டையில் ஒரு லாரி டிரைவரை நாலைந்து முறை தேடிப் போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் பெண்சாதி, "ஊர்ல இல்ல" என்று கதவைச் சாத்துவாள். ஒரு நாள் மஃப்டியில் போனேன். காக்கிச் சட்டை இல்லாததால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெயிலில் தலை சுற்றியது. "வாரண்ட் விஷயமா வந்திருக்கேன்" என்றேன். அந்தம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? வா, வா" என்று உள்ளே கூப்பிட்டு, டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

நாமெல்லாம் கேரண்டி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ரேடியோவை விற்ற கடைக்காரர் மட்டும் இங்கிலீஷ் தெரிந்தவர் போல, "ஒரு வருஷம் வாரண்டி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் விளக்குவதற்குள், "இன்னா ஆச்சுன்னு அதுக்குத்தான் தெரியும், கொரகொரன்னுது" என்றாள். பரண் மேலிருந்து ஓர் ஆண்குரல்: "கொரகொர இல்லமே, ஸ்டேஷனே புடிக்கல." பொறுக்க முடியாமல் ஆளே இறங்கி வந்து, குமிழைத் திருகிக் காட்டினார். பேரைக் கேட்டேன். சொல்லிவிட்டார். நான் காகிதத்தை எடுத்ததும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பும்போது பின்னாலிருந்து அவர் பெண்சாதி கேட்டாள்: "அப்ப ரேடியோவ யாரு சார் பாப்பாங்க?"

இன்னொரு வாரண்ட்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒருவனைத் தேடிப் போய்க் கதவு மாற்றித் தட்டிவிட்டேன். ஒரு விதவைத் தாய் திறந்தாள். "வாரண்ட் ஒண்ணு வந்திருக்கும்மா" என்று நான் ஆரம்பித்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். வங்காளத்துப் பக்கம் சண்டை முடிந்திருந்த சமயம். லீவில் வருகிற சிப்பாய்க்கு ரயில் டிக்கெட்டுக்குப் பதிலாகக் கொடுக்கிற சீட்டுக்கும் வாரண்ட் என்றுதான் பேர். 'வாரண்ட் கிடைச்சதும் வண்டி ஏறிடுவேன்' என்று கடைசியாக எழுதியிருந்தானாம். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

என்னிடம் இருப்பது வேறொரு ஆளுக்கு வந்த கோர்ட் வாரண்ட் என்று ஒருவழியாகப் புரியவைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அதன்பிறகு அந்தப் பிளாக்குக்கு எந்த வேலையாகப் போனாலும் மாடியிலிருந்து, "இன்னா நைனா, வந்துச்சா?" என்பாள். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டு, சைக்கிளை வேகமாக மிதிப்பேன். சில நாள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு மத்தியானம் சத்தமே இல்லை. மனசு கேட்கவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று மாடியேறினேன். வராந்தாக் கொடியில் ஒரு பச்சை யூனிஃபாரம் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. கதவருகே உட்கார்ந்திருந்தவள் உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாத நைனா, புள்ள தூங்குறான்."

ஜாமீன்

திருவொற்றியூரில் ஏழுமலை என்று ஒரு பட்டறைத் தொழிலாளி. அடிதடி கேஸில் வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டான். நான் போன அன்று அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில். "பேஜாரு பண்ணாத சார், கொயந்த பொறக்கட்டும்" என்று கெஞ்சினான். நல்லவேளை, ஜாமீனில் விடலாம் என்று வாரண்டிலேயே போட்டிருந்தது. கோர்ட்டுக்கு வருவான் என்று யாராவது பொறுப்பேற்றால் போதும். தெருவில் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மீன்கூடையோடு வந்த கன்னியம்மாள் மட்டும் நின்றாள். அவன் மாமியார். தன் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்தவன் என்று அன்றுவரை அவனோடு பேசாதவள். அப்போதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம், "இவன் ஒரு கலீஜுப் பய. கொண்டா, நான் கைநாட்டு வெக்கிறேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவன் வராவிட்டால் அந்தம்மாள் மாட்டிக்கொள்வாள். அவளை நம்பிய எனக்கும் திட்டு விழும். பேரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது வாசலில் ஒரே களேபரம். ஏழுமலையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கன்னியம்மாள் உள்ளே வந்தாள். காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதன் பக்கத்தை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவனைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை இறக்கி, "நீ யாரும்மா?" என்று கேட்டார். மூச்சு வாங்க, பிடித்த காலரை விடாமல் சொன்னாள்: "நான்தான் சாமி கேரண்டி."

சர்க்கார் வாரண்டைக் காட்டி நான் பிடித்தவர்களைவிட, வீட்டுப் பெண்களால் எனக்குக் கிடைத்தவர்களே அதிகம் என்பதை அந்தச் சம்பளத்தில் சாப்பிட்ட வாயால் சொல்லக்கூடாதுதான்.