தலைப்பாகைக்கு இடம் விடாத கார்

2007ஆம் ஆண்டு, ஆவணி மாதம். ஜேர்மனியில் கொலோனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில், எங்கள் வீட்டு வாசலில், என் தம்பியின் கலியாணத்தன்று காலையில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

நான் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்பவன். கூட வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் ஒரு சனிக்கிழமை என்னை ஊர் எல்லையில் இருந்த ஒரு பழைய டிராக்டர் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவரோடு சேர்த்து மூன்று பேர் 'ஹொட் ரொட்' கட்டிக்கொண்டிருந்தார்கள். அதாவது, தாத்தா காலத்துக் கார் ஒன்றின் கூட்டை எடுத்து, அதற்குள் பெரிய எஞ்சின் ஒன்றை வைத்து, வெட்டி, ஒட்டி, நிலத்தோடு நிலமாகத் தாழ்த்தித் தன் மனதுக்குப் பிடித்தபடி ஓட்டுவது. பார்க்கப் போனவன் அதோடு நின்றிருக்கலாம். கொஞ்ச நாளில் ஒரு விவசாயியிடமிருந்து முப்பதுகளில் செய்த இரண்டு கதவு அமெரிக்கக் கார் ஒன்றை, துருப்பிடித்த கூடாக, வாங்கிவிட்டேன். என் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சின் பிறகு வருமா அல்லது குடும்பமாகத் தள்ள வேண்டுமா என்று கேட்டாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு கார். யாருடையதாக இருந்தாலும் எல்லாக் கைகளும் அதில்தான். கொட்டகைக்குச் சொந்தக்காரர் லொறி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய மீசை, குறைந்த பேச்சு. இன்னொருவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தானே கட்டிய பச்சை நிறக் காரில்தான் பள்ளிக்குப் போவார். மீசைக்காரர் எதற்கும் ஒரே வைத்தியம் வைத்திருந்தார்: எதையும் உயர்த்தாதே, இடித்தால் மற்றதை இறக்கு. எஞ்சின் மூடியில் இடித்தால் எஞ்சினை இறக்கு. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தால் சீட்டை இறக்கு. ஒருநாள் என் மனைவி பொரித்துக் கொடுத்துவிட்ட ரோல்ஸ் பலகாரத்தில் உறைப்புக் கூடிவிட்டது என்று நான் மன்னிப்புக் கேட்டபோது, ஆசிரியை கண்ணீர் வழிய, உறைப்பை இறக்கு என்றார்.

இப்படியிருக்கையில் தம்பிக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் வீட்டார் டுசல்டோர்ஃபில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நீளமான வெள்ளைக் கார் ஒன்றை ஒழுங்கு செய்வதாகச் சொன்னார்கள். தம்பி எல்லாருக்கும் முன்னால் சொன்னான்:

"நான் அண்ணையின்ர காரிலதான் வருவன்."

எனக்கு அது பெரிய விஷயம். காரணம் இருக்கிறது. எங்கள் கலியாணம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், விசா நிலையில்லாத காலத்தில் நடந்தது. பதிவு அலுவலகத்தில் இரவல் கோட்டோடு நின்று கையெழுத்து வைத்தேன். பிறகு ஒரு நண்பரின் வீட்டு ஹோலில் தாலி கட்டினேன். சோறும் கறியும் சாப்பிட்டோம். அடுத்த நாள் விடியவே வேலைக்குப் போய்விட்டேன். மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. அதைப் பற்றி நானும் மனைவியும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் தம்பிக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அவன் மாப்பிள்ளையாகப் போய் இறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அதுவும் என் காரில் என்றால் கேட்கவா வேண்டும்.

கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் கூரை உயரம். சின்னப் பிள்ளைக்குத் தகப்பனின் தொப்பியை வைத்ததுபோல இருக்கும். நண்பர்கள் சனிக்கிழமைதோறும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அந்த மாரிக் குளிரில் கூரையை வெட்டுவது என்று முடிவெடுத்தேன். தூண்களில் ஒரு கையகலத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கித் திரும்பவும் ஒட்ட வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். ஆகவே கண்ணும் கருத்துமாக அளவெடுத்தேன். தம்பி நெட்டையன், அவனைப் பின் சீட்டில் நிமிர்ந்து உட்காரவைத்துத் தலைக்கு மேல் கோடு போட்டேன். பெண்ணின் கொண்டை, பூ, நகை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டுமே என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், தலையில் சம்பல் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து உட்காரச் சொன்னேன். அவளும் உட்கார்ந்தாள். ஜேர்மன்காரர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கிண்ணத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு அளவைக் குறித்தார்கள்.

கூரையை இறக்கிய அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு ஒரு திருவிழா. எல்லாரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கி, மெல்ல மெல்ல இறக்கினோம். நான்கு தூண்களும் வந்து பொருந்தின. நான் ஒட்டி முடித்துத் தூர நின்று பார்த்தபோது என் காரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு வடிவு. வசந்தத்தில் வாகனப் பரிசோதகர் வந்து ஒட்டுகளைத் தட்டித் தடவிப் பார்த்து அனுமதி தந்தார். தானும் ஒருக்கால் ஏறிப் போய்வரலாமா என்று கேட்டார்.

கலியாண நாளுக்கு வருகிறேன். நண்பர்கள் மூன்று பேரும் தங்கள் தங்கள் கார்களில் வந்து எங்கள் தெருவை அடைத்துவிட்டார்கள். வேலைத்தள நண்பரும் மீசைக்காரரும் கோட் சூட்டில். ஆசிரியை, என் மனைவி உடுத்திவிட்ட நாவல் நிறப் பட்டுச்சேலையில். பெண்ணின் தம்பி மாப்பிள்ளைத் தோழனாக வந்து இறங்கினான். பாலும் அறுகம்புல்லும் தலையில் தடவிப் பாலறுகு வைத்து, முழுகவார்த்து, மாப்பிள்ளையை உள்ளே அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸிலிருந்து வந்த பெரியம்மாதான் எல்லாவற்றுக்கும் முன்நின்றார். பாலறுகு வைத்ததும் நான் வெளியே வந்து, ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த காரை இன்னொருமுறை துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். பட்டு வேட்டி, சால்வை, மாலை. தலையில் தலைப்பாகை. சரிகை போட்டு, முன்னால் கல்லுப் பதக்கம் குத்தி, உச்சியில் குஞ்சம் ஒன்று நிமிர்ந்து நின்றது. பின்னால் தோழன். அவன் தலையிலும் ஒன்று. எனக்கு மனம் நிறைந்துபோனது. பிறகு காரைப் பார்த்தேன்.

பெண்ணின் கொண்டையைக் கிண்ணம் வைத்து அளந்தவன் மாப்பிள்ளையின் தலைப்பாகையை மறந்துவிட்டேன். என் கலியாணத்தில் நான் ஒன்று வைத்திருந்தால்தானே எனக்கு ஞாபகம் வரும்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள். எனக்குத் தலைப்பாகைதான் தலைக்கு வந்திருந்தது.

தம்பி குனிந்து ஏறிப் பார்த்தான். உட்கார்ந்தால் தலைப்பாகை கூரையில் முட்டியது. கழுத்தை மடித்து முழங்காலைப் பார்த்தபடி இருந்தால் மட்டும் கொள்ளும்.

"கலியாண மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டே போறது?" என்றார் பெரியம்மா.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய் மண்டப வாசலில் வைக்கலாமே என்று நான் மெல்ல இழுத்தேன்.

"வைச்ச தலைப்பாகையை இடைவழியில கழட்ட ஏலாது, ராசா."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது அதைவிடப் பயமாக இருந்தது. எதற்கும் இன்னொரு காருக்குச் சொல்லி வையுங்கள் என்று முந்தின வாரமே சொன்னவள் அவள். என் கார் இருக்க இன்னொன்று எதற்கு, எனக்கு என்ன விசரா என்று கேட்டவன் நான். முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு அரை மணி ஓட்டம். மீசைக்காரர் வந்து கூரையைப் பார்த்தார், தலைப்பாகையைப் பார்த்தார், இந்த இரண்டில் எதை வெட்டலாம் என்று அமைதியாகக் கேட்டார். என்னவாம் என்றார் பெரியம்மா. வடிவாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

அப்போது தம்பி என் தோளைத் தொட்டான்.

"பரவாயில்லை அண்ணை. நான் டாக்ஸியில போறன். நீங்கள் பின்னால வாங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் முகம் எனக்குத் தெரியாதா? அத்தனை பேர் முன்னால் அண்ணையின் கார் என்று சொன்ன பிள்ளை. நான் ஃபோனை எடுத்து டாக்ஸிக்கு நம்பர் அழுத்தத் தொடங்கினேன்.

ஆசிரியை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்குள் தலையை விட்டார். பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து மீசைக்காரரிடம் இரண்டு சொல்தான் சொன்னார்: உயர்த்தாதே, இறக்கு. அதற்குள் அவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டார். அந்த மூன்று பேரில் ஒருவர்கூட ஸ்பானர் இல்லாமல் கலியாணத்துக்கு வந்திருக்கவில்லை. ஆண்கள் இருவரும் வெள்ளைச் சட்டைகளோடு தெருவில் மல்லாந்து படுத்துக் காரின் அடியில் புகுந்தார்கள். பின் சீட்டைப் பிடித்திருந்த நட்டுகளில் ஒன்று அசையவே மாட்டேன் என்றது. நான் இறுக்கியது. என் கைப்பலத்தை அன்றைக்குத்தான் நானே திட்டினேன். மீசைக்காரர் இன்னொரு நீளக் குழாயைக் கொழுவி ஒரு இழுவை இழுத்தார். அது விட்டது. அடுத்த நிமிடம் பின் சீட் முழுவதும் நடைபாதையில் கிடந்தது.

காருக்குள் வெறும் தகரம். பெரியம்மா வாயைத் திறக்குமுன் என் மனைவி எங்கள் சோபா மெத்தைகளோடு வந்தாள். விரித்தாள், தட்டினாள், என்னைப் பார்த்தாள்.

"வேட்டியில கறை பட்டுதெண்டால் அண்ணனும் தம்பியும் இந்தப் பக்கம் வரவேண்டாம்."

அதிலிருந்து ஆசிரியையின் ஆட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல விரலை நீட்டிச் சொன்னார்: முதலில் முதுகு, பிறகு இடுப்பு, கால் கடைசியில். மாப்பிள்ளை பின்பக்கமாக ஏறினான். தோழனும் அப்படியே. முழங்கால்கள் நாடியைத் தொட்டன, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. பெரியம்மா கையை உள்ளே விட்டுத் தலைப்பாகைக்கும் கூரைக்கும் நடுவே அளந்து பார்த்தார்.

"ரெண்டு விரல் போகுது. எடு காரை."

நடைபாதையில் கிடந்த சீட்டில் பக்கத்து வீட்டுக் கிழவர் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வரும்வரை காவல் இருக்கிறாராம்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். முன்னால் நான், பின்னால் மூன்று கார்கள், நாலு எஞ்சின்களும் சேர்ந்து உறுமுகின்றன. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு ஜன்னலின் அடியில் இரண்டு தலைப்பாகைகள் மட்டும் மிதந்து போவது தெரிந்திருக்கும். டிராம் தரிப்பில் நின்றவர்கள் கைகாட்டினார்கள். தம்பி உள்ளே இருந்து சிரித்த சிரிப்பில் மெத்தை குலுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மூக்கை உறிஞ்சியது எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டப வாசலில் நாதஸ்வரமும் மேளமும் முழங்கின. மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் கால் விறைத்துவிட்டது. மீசைக்காரர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்துத்தான் இறக்கினோம். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் தட்டைப் பிடிக்க முடியாமல் சிரித்தார்கள். மீசைக்காரரின் சட்டையில் முதுகு முழுக்க ஒயிலும் மண்ணும். பெண்ணின் தகப்பன் அதைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்காமல், புது வேட்டியும் சால்வையும் எடுத்துவந்து அவருக்கு உடுத்திவிட்டார். அவர் அன்று முழுவதும் அதோடுதான் இருந்தார்; மூன்றுதரம் சாப்பிட்டார்.

தாலி கட்டி முடிந்து வெளியே வந்தபோது, பெண் வீட்டார் எதற்கும் சொல்லி வைத்திருந்த வெள்ளைக் கார் கதவு திறந்து காத்திருந்தது. பெண் அதைப் பார்த்தாள், எங்கள் காரைப் பார்த்தாள், என்னிடம் வந்து கேட்டாள்.

"அத்தான், என்ர கொண்டைக்கு இடம் இருக்குமோ?"

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது.

கதை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் என் காரின் முறை. பழைய சீட்டைத் திரும்பப் பூட்டக்கூடாது, தலைப்பாகை கொள்ளும்படி தாழ்வாகப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று எல்லாரும் தீர்மானித்திருந்தார்கள். அளவெடுக்கத் தலைப்பாகை வேண்டுமே. மனைவி அதைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள். தம்பியும் பெண்ணும் பாரிஸுக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள். யார் தலையில் வைப்பது? மீசைக்காரர் என்னைக் காட்டினார்.

வேலைச் சட்டையோடு நின்றேன். கிறீஸ் கை. எனக்கு வைக்கத் தெரியாது என்றேன். மனைவி இரண்டு கையாலும் எடுத்து என் தலையில் வைத்தாள். பதக்கம் நடுவில் வரத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். கிண்டல் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் கண்கள் நிறைந்திருந்தன. நான் மெத்தையில் ஏறி உட்கார்ந்ததும் அவளும் வந்தாள்.

"கொஞ்சம் அங்கால தள்ளி இருங்கோ. என்னையும் அளக்கவேணுமெல்லோ."

மீசைக்காரர் அளவு நாடாவோடு வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். நாடாவைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, முன்னால் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். மற்ற இரண்டு பேரும் சொல்லாமலே தங்கள் கார்களை எடுத்தார்கள். வெதுப்பகம், தேவாலயம், உதைபந்தாட்ட மைதானம் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம். எங்கள் கலியாணத்தைப் பற்றி ஒருமுறை, ரோல்ஸ் சாப்பிடும்போது, அவரிடம் நான் சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னாள்.

"மேளம் இல்லாத குறையும் தீர்ந்துது. இந்தச் சத்தமே போதும்."

அந்தத் தாழ்ந்த சீட் இன்றும் காரில் இருக்கிறது. அதில் யார் ஏறினாலும் முழங்கால் நாடியில் முட்டுகிறது என்று குறை சொல்வார்கள். ஆனால் நான் அளக்க மறந்த அந்த ஒரு சாண் இடத்தில்தான் எங்களுக்கு எங்கள் கலியாண ஊர்வலம் கிடைத்தது.