டிராம்போலினில் இன்னொரு எடை

இது எங்கள் வீட்டில் நடந்தது. நடக்கவில்லை என்று யாராவது நிரூபித்துக் காட்டினால், அவர்களுக்குக் காலமெல்லாம் நன்றியோடு இருப்பேன்.

நான் வேதியியல் படித்தவள். மருந்து தயாரிக்கும் இடம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. எடைபோடும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று தினமும் பார்ப்பது என் பொறுப்பு. மாத்திரையில் ஒரு தூசி கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் வீட்டில் கூடியதை மட்டும் இரண்டு மாதம் கண்டுபிடிக்கவில்லை.

பேய் இருட்டில்தான் வரும் என்பார்கள். இது காலை வெயிலில் வந்தது. கூடத்தின் நடுவில். அம்மாவின் காலுக்கு அடியில்.

அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் மாடிப்படியில் சறுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து, கம்பு ஊன்றி நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனால் இடது காலை நம்பி ஓர் அடி வைக்கமாட்டாள். வலி இல்லை. பயம்.

"நடக்கணும்டி எலி. அது போதும். கக்கூசுக்குப் போறதுக்கு உன் தோளைப் பிடிச்சுக்கிட்டே சாகறதுக்கா நான் ஓட்டப் பந்தயம் ஓடினேன்?" என்பாள். எலி என்பது நான். யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளறைக்குள் ஓடிவிடுவேன் என்பதால் சின்ன வயதில் வைத்த பெயர்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். அம்மா அவருக்குக் கால் டாக்டர் என்று பெயர் வைத்தாள். அவர்தான் வட்டச் சட்டத்தில் சுருள்கம்பிகளால் துணி இழுத்துக் கட்டிய, கைப்பிடி வைத்த சின்ன டிராம்போலின் ஒன்று வாங்கச் சொன்னார்.

"குதிக்கவெல்லாம் கூடாதும்மா. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குங்க. பாதம் துணியை விட்டு வரக் கூடாது. காலுக்கு நம்பிக்கை வரும்."

புதிதாகத்தான் வாங்கினேன். வேறு யாரும் உபயோகித்தது இல்லை. பெட்டியைப் பிரித்து, சுருள்கம்பிகளை ஒவ்வொன்றாக நானே இழுத்து மாட்டினேன். ஒரு கையால் தூக்கிக் கூடத்தில் வைக்கும் அளவுக்கு லேசு.

"என்னடி இது, சல்லடைக்குக் கால் முளைச்ச மாதிரி" என்றாள் அம்மா. ஆனால் ஏறி நின்றதும் முகம் மாறியது. விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இங்கே என் தொழில் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அம்மா கைப்பிடியில் எவ்வளவு சாய்கிறாள், காலில் எவ்வளவு ஊன்றுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. டிராம்போலினின் ஒரு காலில் அளவுகோல் ஒன்றை ஒட்டுநாடாவால் ஒட்டினேன். அம்மா ஏறினால் துணி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். அதிகம் இறங்கினால் காலை நம்புகிறாள். குறைவாக இறங்கினால் கையை நம்புகிறாள். அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம். எதை நிறுக்கும் முன்பும், காலித் தட்டுக்குப் பூஜ்ஜியம் வைப்போம். தட்டில் முன்பே என்ன ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கணக்கில் வராது. அதேபோல் தினமும் காலையில், அம்மா ஏறும் முன், காலித் துணி எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு அளவுகோலை நகர்த்தி ஒட்டிவிடுவேன். புதுக் கம்பிகள் உபயோகிக்க உபயோகிக்கக் கொஞ்சம் தளரும் அல்லவா...

அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வாரமே அம்மா சொன்னாள். "நான் முயற்சியே பண்ணலடி. அதுவா தூக்குது. ஊஞ்சல்ல பின்னாடி நின்னு ஒருத்தர் தள்ளிவிடுவாங்களே, அந்த மாதிரி."

நான் சுருள்கம்பியின் விதியை விளக்கினேன். "சரிங்க டீச்சர்" என்று அம்மா கேலி செய்தாள்.

இரண்டாவது, சத்தம். அம்மா மிதிக்கும்போது கம்பிகள் கிர்ர்... கிர்ர்... என்று முனகும். அம்மா இறங்கி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது கொஞ்ச நேரம் கேட்கும். ஆட்டம் அடங்குகிறது என்று விட்டுவிட்டேன். அடங்கும் ஆட்டம் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். இது ஒரே சீராக இருந்தது. அதை நான் அன்று யோசிக்கவில்லை.

கீழ் வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போகிறவர். பகலில்தான் தூங்குவார். ஒருநாள் படியில் என்னை மடக்கினார்.

"அம்மா குணமாகட்டும், வேண்டாங்கல. ஆனா ஷிஃப்ட் போட்டுக் குதிக்கறீங்களேம்மா. அவங்க நிறுத்தினா நீ. நீ நிறுத்தினா அவங்க. நேத்து மத்தியானம் கண்ணை மூட முடியல."

நேற்று மத்தியானம் நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம். அதைச் சொல்ல வாய் எடுத்தேன். "சரிங்க அண்ணா" என்று தலையைக் குனிந்துகொண்டு மேலே வந்துவிட்டேன்.

மருத்துவமனைக்குப் போனது அம்மாவின் எடைக்காக. அவள் இளைத்துக்கொண்டிருந்தாள். பயிற்சி செய்தால் இளைக்கும் என்று முதலில் சந்தோஷப்பட்டோம். பிறகு ரவிக்கை தோளில் நிற்கவில்லை. மோதிரம் கழன்று விழுந்தது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. "நல்லா சாப்பிடறாங்களா?" என்றார் மருத்துவர். என்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள்.

அதே நாட்களில் என் அளவுகோலும் குறைத்துக் காட்டியது. அம்மா ஏறினால் துணி முன்போல் இறங்கவில்லை.

"அம்மா, மறுபடியும் கைப்பிடியில சாயறே."

"தொடவே இல்லடி. விரலை வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"அளவுகோல் பொய் சொல்லுமா?"

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து நிமிடம் நின்றவள் அரை மணி நேரம் நின்றாள். காலையோடு நிறுத்தியவள் மாலையிலும் ஏறினாள். காலை நம்பு, காலை நம்பு என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவளை அதன் மேல் நிறுத்திவைத்தது நான்தான்.

ஒரு ஞாயிறு காலை. எட்டு மணி இருக்கும். அம்மா குளிக்கப் போயிருந்தாள். நான் தரையைத் துடைத்துக்கொண்டு டிராம்போலின் பக்கம் வந்தேன். குனிந்தபோது அதன் கால் கண்ணில் பட்டது.

ஒட்டுநாடாவின் பசைத் தடங்கள். தினமும் நான் ஒட்டி, பிரித்து, நகர்த்தி ஒட்டியவை. ஒன்றன் கீழ் ஒன்றாக... படிக்கட்டு போல இறங்கிக்கொண்டே வந்திருந்தன.

கம்பி இவ்வளவு தளருமா?

பெட்டியில் உபரியாக ஒரு கம்பி கொடுத்திருந்தார்கள். மாட்டியிருந்தவற்றில் ஒன்றைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நீளம். மயிரிழை வித்தியாசம் இல்லை.

கம்பி தளரவில்லை.

அப்படியென்றால் துணி ஏன் இறங்கி நிற்கிறது?

முதல் நாள் அம்மா முழு எடையும் ஊன்றியபோது எவ்வளவு இறங்கியது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டேன். காலித் துணியின் மேல் பதினான்கு கிலோ இருந்தது.

அம்மா இழந்ததும் பதினான்கு.

ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து துணி மேல் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். துணியின் நடுவில் இரண்டு பள்ளங்கள். பக்கத்தில் பக்கத்தில். பாத அளவு.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

கிர்ர்...

பள்ளங்களின் பின்பாதி மேலே வந்தது. இறங்கியது. மேலே வந்தது. இறங்கியது.

குதிகால் மட்டும்... பாதம் துணியை விட்டு வரவில்லை.

கால் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடியே.

நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரு கையால் தூக்கி வந்ததை இரண்டு கையாலும் நகர்த்தத் திணறினேன். ஒரு பக்கம் சாய்த்தேன்.

ஒரு பள்ளம் இடம் மாறியது.

விழாமல் இருக்க ஒரு கால் எடுத்து வைப்போமே... அப்படி.

"இறங்கு" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

கிர்ர் நின்றது.

துணி மெதுவாக மேலே வந்தது. முதல் நாள் இருந்த உயரத்துக்கு. தட்டையாக. புதுசாக.

அது இறங்கிவிட்டது.

இறங்கி எங்கே போயிற்று என்று நான் யோசிப்பதற்குள், குளியலறையில் அம்மா விழுந்தாள்.

அன்றைக்கே டிராம்போலினைப் பிரித்து, குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம் உடைந்துவிட்டது என்றேன். விழுந்ததில் அவளுக்கு எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. எடை குறைவது நிற்கவும் இல்லை.

கட்டிலில் அவள் சுவரோரம் ஒட்டிப் படுத்தாள். மறுபாதி காலி. அந்தப் பக்கத்து மெத்தை தாழ்ந்திருந்தது.

"தள்ளிப் படுடி எலி. இடிக்குது" என்றாள் ஒருநாள்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவை என் அறைக்குத் தூக்கிப் போனேன். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை, பஞ்சு மூட்டை. இரண்டு நாளில் என் கட்டிலும் ஒரு பக்கம் தாழ்ந்தது. தரையில் படுக்க வைத்தேன். தரையில் பள்ளம் விழாது. அதனால் எனக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

மாமாவை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் தம்பி. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நீ முதல்ல தூங்கும்மா" என்றார்.

கடைசி வாரம் அம்மா என் கையைப் பிடித்தாள். விரல்களில் அழுத்தமே இல்லை.

"விட்டுடுடி. நீ அதோட மல்லுக்கட்டாதே."

"எதோட?"

"பாவம். அதுக்கும் நிக்கணும் போல இருக்கு."

அம்மா ஒரு திங்கட்கிழமை போனாள். பட்டப்பகல்.

சுடுகாட்டு வண்டி வந்தது. ஓட்டுநர், அவருடைய உதவியாள், மாமா, கீழ் வீட்டுக்காரர். நான்கு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். தூக்க முடியவில்லை.

முப்பது கிலோ கூட இல்லாதவள்.

"என்ன இது..." என்றார் கீழ் வீட்டுக்காரர்.

"உயிர் போனா கனக்கும்யா. பிடி" என்றார் மாமா. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படியிலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏற்றியதும் வண்டி ஒருபக்கமாக அமுங்கியது.

நான் பின்னால் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மூச்சு முட்டியது. நெஞ்சில் யாரோ சாய்ந்திருப்பதுபோல. பாலம் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வாந்தி வந்தது.

"நீ வீட்டுக்குப் போ. நாங்க பாத்துக்கறோம்" என்றார் மாமா.

நடந்தே வந்தேன். கால் அன்றைக்கு அப்படி வலித்தது.

மறுநாள் காலை ஓட்டுநர் வந்தார். அம்மாவின் மூக்குக்கண்ணாடி வண்டியில் கிடந்ததாம். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. இருபது வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன். ஏத்தும்போது நாலு பேரால முடியல. அங்க போய் நான் ஒத்தையா இறக்கி வெச்சேன். ஒண்ணுமே இல்ல, பூ மாதிரி இருந்தாங்க."

நான் அம்மாவின் கண்ணாடியை மடக்கினேன்.

"வழியில எங்கயும் நிறுத்தல. பாலத்துக்கிட்ட நீங்க இறங்கினதோட சரி. நீங்க காலை வெளிய வெச்சதும் வண்டி லேசா எழும்புச்சு. அது எப்பவும் எழும்பும், ஆள் இறங்கினா. நீங்க ரெண்டடி தள்ளிப் போய்ட்டீங்க..."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அப்புறம் இன்னொரு தடவை எழும்புச்சு."

அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். சாத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தே சாத்தினேன்.