தளம் போடும் நாளில் கறிச்சோறு

மகளுக்காக நேற்று ஸ்கெட்ச் பேனா வாங்கினேன். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் அடித்தது. பேனாவில் ஏது ஏலக்காய்? எல்லாம் என் மூக்கு செய்த கோளாறு. போடியில் எங்கள் சமுதாயக் கல்லூரி ஏலக்காய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கீழே பெண்கள் காயைத் தரம் பிரிப்பார்கள். மேலே நாங்கள் சார்ட் அட்டையில் கட்டட வேலையை நாள் நாளாகக் கட்டம் போட்டு வரைவோம். தாமதமானால் மொத்தத்தையும் இழுத்துவிடும் வேலைகளுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம். கட்டுமானத் திட்டமிடலும் செலவுக் கட்டுப்பாடும் என்று படிப்புக்கு ரயில் நீளப் பெயர். எங்கள் ஊர் ராசிங்காபுரத்தில் யாராவது கேட்டால் அம்மா, "வீடு கட்டாமலே வீடு கட்டப் படிக்கிறான்" என்று சமாளிப்பாள்.

கடைசித் தேர்வுக்கு எங்களை இருவர் இருவராகச் சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தவள் தேவாரத்து முருகலட்சுமி. அடேயப்பா, வாய் என்றால் வாய்! தேறினால் அவளைச் சூப்பர்வைசராக எடுத்துக்கொள்வதாக ஒரு கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் தையல் கடையில் சேர்த்துவிட வீட்டில் காத்திருந்தார்கள். "எனக்கு ஒரு பட்டன்கூட நேரா நிக்காதுண்ணே, ஊரு சிரிக்கும்" என்று புலம்பிக்கொண்டே இருப்பாள்.

போடிமெட்டுச் சரிவில் ஒரு சின்ன வீடு. அதற்குத்தான் திட்டம். தளம் போடும் நாளில் ‘வேலையாட்களுக்குக் கறிச்சோறு’ என்று அவள் சிவப்பில் கட்டம் போட்டாள். மறுநாள் கட்டத்தை வெறுமையாக விட்டாள். எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. எங்கள் பக்கம் கறிச்சோறு இல்லாமல் யார் தளம் போட்டார்கள்?

தேர்வு நடத்த வந்தவர் வெளியூர்க்காரர். எங்கள் செலவு வரம்பைத் தாண்டியிருந்தது. அவர் விரல் நேராகக் கறிச்சோற்றில் போய் நின்றது.

"இதை அடிச்சிடுங்க. கணக்கு சரியாயிடும்."

நான் அடிக்கப் பேனாவை எடுத்தே விட்டேன். அவ்வளவு வீரம்! முருகலட்சுமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார், அத மட்டும் தொடாதீக. ஏலக்கா எடுப்பு நேரம். விடிஞ்சா ஆளுக ஜீப்பு ஜீப்பா மேல தோட்டத்துக்குப் போயிருவாக. கறிச்சோறுன்னாத்தான் நம்ம சோலிக்கு வருவாக. ஆளில்லாம பாதியில நின்னா தளம் ஒழுகும் சார். வேணும்னா பெயிண்ட் செலவ அடிச்சுட்டு, சுண்ணாம்பு வெள்ளையடிச்சுக்கிறோம்."

"மறுநாள் ஏன் காலி?"

"தின்னவன் தூங்க வேணாமா சார்?"

போச்சு, இவளுக்குத் தையல் கடை, எனக்கு அம்மாவிடம் அர்ச்சனை என்று நினைத்தேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெயிண்ட் செலவை அடித்துவிட்டு, "ஆடா, கோழியா?" என்று கேட்டார்.

தேறிவிட்டோம். அவள் போட்ட கூச்சலில், கீழே இருந்த பெண்கள் ஏதோ சண்டை என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார்கள்.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. மாடியிலும் மூட்டைகள்தான். முருகலட்சுமி இன்று தானே கான்ட்ராக்டர். நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. காலையில் போனில் பிடித்து, தளத்தன்று இப்போதும் கறிச்சோறு உண்டா என்று கேட்டேன்.

"கலவை லாரியில வருது, பம்பு மேல ஏத்திருது. வெரசா முடிஞ்சிருதுண்ணே. கறி ஆக்கி, பம்புக்கா எலை போட?"