பழுக்க விடாத வீடு

பெரியவளுக்கு வாய் நீளம் என்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளை இயந்திரத்துக்குள் கொடுத்து, சுருக்கமில்லாமல் மறுபக்கம் வாங்கி மடிப்பது அவள் வேலை. கல்யாணமான புதிதில் அங்கே சேர்ந்தவள். "உருளையை விட நீதாம்மா சூடு" என்று மேற்பார்வையாளர் ஒருநாள் கிண்டலடித்தார். "கைய வச்சுப் பாருங்க சார், எது சூடுன்னு தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் அவளிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசுவதில்லை.

வீட்டில் அவளுக்கு வாய்த்த எதிரி, கொழுந்தன் மனைவி. மூத்த மருமகள் பெரியவள், இளைய மருமகள் சின்னவள் என்று மாமியார் வைத்த பெயர், மாமியார் போன பிறகும் நிலைத்துவிட்டது. ஓரகத்திகள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் பலகைத் தடுப்பு வைத்துக் குடித்தனம் செய்தார்கள். அடுப்பு வேறு, தண்ணீர்க் குழாய் வேறு. துவைத்த துணி காயும் கயிறுகூட வேறு. பின்முற்றம் மட்டும் பிரிபடாமல் கிடந்தது. அதில்தான் பெரியவள் ஸ்ட்ராபெரி போட்டாள்.

நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் டப்பாவில் கொண்டுவரும் ஸ்ட்ராபெரியை அவள் முன்பே தின்றிருக்கிறாள். பார்வைக்குச் செக்கச்செவேல், வாயில் போட்டால் ஈரப் பஞ்சு. ஒருமுறை ஊருக்கு வெளியே சரிவுப் பாதையில் பஸ் பழுதாகி நின்றது. பக்கத்துத் தோட்டக்காரி, வெயிலில் வெதுவெதுவென்று இருந்த பழத்தைக் கிள்ளிக் கையில் கொடுத்தாள். சாறு முழங்கைவரை வழிந்தது. பஸ் கிளம்பியும் அவள் ஏறவில்லை. அன்று மாலை ஒரு கட்டு நாற்றோடுதான் வீடு வந்து சேர்ந்தாள்.

பாத்தி கட்டினாள், வைக்கோல் பரப்பினாள், விடிவதற்குள் எழுந்து நத்தை பொறுக்கினாள். காம்புப் பக்கம் வெள்ளை இருக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். பறித்த பிறகு ஸ்ட்ராபெரி பழுக்காது. செடியில் பழுத்தால்தான் உண்டு.

பழம் திரண்டு நின்ற வாரம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்று பெரியவள் காத்திருந்தாள். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால், பாத்தி மொட்டை. முழுசாய்ப் பழுத்தது, பாதி வெளுத்தது, பிஞ்சு, ஒன்று மிச்சமில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சர்க்கரைப் பாகு காயும் வாசனை வந்தது.

நேரே சின்னவளின் அடுப்படிக்குள் போனாள். குண்டானில் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாரக் கேட்டுப் பறிச்ச?"

சின்னவள் கரண்டியைக் கூட நிறுத்தவில்லை. "முற்றம் பொதுதானே அக்கா. செடியில உங்க பேரா எழுதியிருக்கு?"

"தண்ணி ஊத்தும்போது பொது இல்ல. நத்தை பொறுக்கும்போது பொது இல்ல. காய்ச்சதும் பொதுவாயிடுச்சா?"

"விட்டா நீங்க ஒருத்தியே முழுங்கிடுவீங்க. போன வருஷம் எங்களுக்கு எத்தன குடுத்தீங்க?"

"கேட்டியா நீ?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

பெரியவள் யோசித்தாள். கொடுத்திருக்க மாட்டாள்தான். அந்த உண்மை ஆத்திரத்தை இரண்டு மடங்காக்கியது. "பிஞ்சையெல்லாம் பறிச்சுச் சர்க்கரைய கொட்டிக் கிண்டுறியே, இதுக்குப் பூசணிக்காயே போதுமேடி!" என்று கத்தினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அவள் கணவர் வாசற்படியோடு நின்றுவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அனுபவத்தில் கற்றவர் அவர்.

அன்று மதியமே பெரியவள் செடிகளைத் தோண்டி எடுத்தாள். சலவைக்கூடத்தில் ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்ட தொட்டிகளில் மண் நிரப்பி, ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் நட்டாள். பருவத்தில் பிடுங்கினால் பாதி செத்துப்போகும் என்று தெரியும். செத்தாலும் பரவாயில்லை, சின்னவளுக்குக் கிடைக்கக்கூடாது. பாதி செத்தது. மீதி மறுபடி பூத்தது.

கூட வேலை செய்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்கு வந்து வாசனை பிடித்தார்கள். "வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்கக்கா" என்று ஒருத்தி சொன்னாள்.

"வீட்டுக்கா? அதுக்கு நத்தைக்கே போடுவேன்."

பருவம் முடியப்போகும் சமயம், இரு குடித்தனத்துக்கும் பொதுவான வாசல் சாவியைப் பெரியவள் தவறுதலாகக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பூட்டிய வீட்டின் வெளியே நின்ற சின்னவள், வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, விசாரித்து மாடியேறினாள். அங்கே பெரியவள் தொட்டி அருகே உட்கார்ந்து, காம்புவரை சிவந்த பழம் ஒன்றை மெல்ல மென்றுகொண்டிருந்தாள்.

"சாவி" என்றாள் சின்னவள்.

பெரியவள் சாவியைத் தரையில் வைத்துத் தள்ளினாள்.

"அந்தப் புளிப்புக்கு இவ்வளவு ஆட்டமா?" சின்னவள் குனிந்து சாவியை எடுத்தபடி சொன்னாள்.

"புளிப்பா?" பெரியவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தும் அவசரத்தில் பழமும் பிஞ்சுமாய் வாரிச் சர்க்கரையில் கொதிக்கவைத்தவள் இவள். ஒழுங்காகப் பழுத்த ஒன்றை இவள் அப்படியே வாயில் வைத்ததே இல்லை. இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு பழத்தைக் கிள்ளி நீட்டினாள். "தின்னு. நீ எதைக் கெடுத்தேன்னு தெரிஞ்சுட்டுப் போ."

சின்னவள் வீம்புக்கு வாங்கிக் கடித்தாள். தாடை பாதியில் நின்றது. கண் ஒருமுறை மூடித் திறந்தது. சாறு விரலில் வழிய, அவளை அறியாமல் விரலைச் சப்பினாள். பெரியவள் பார்த்துவிட்டாள் என்றதும் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பரவாயில்ல. சுமாரா இருக்கு."

"சுமாரா! இறங்குடி கீழ!"

"போறேன். இங்க குடியிருக்கவா வந்தேன்?"

இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. ஆனால் குளிர் முடிந்ததும் சின்னவள் எங்கிருந்தோ நாற்று வாங்கிவந்து முற்றத்தின் ஒரு பாதியில் நட்டாள். பெரியவள் விடுவாளா? தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கி மறுபாதியில் பாத்தி போட்டாள். நடுவே செங்கல் வரிசையும் முள்கம்பியும் வந்தன. விடியற்காலையில் ஆளுக்கொரு பக்கம் குந்தி நத்தை பொறுக்கினார்கள். பொறுக்கிய நத்தை கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்ததாகப் புகாரும் உண்டு. சின்னவளின் பழங்கள் காம்புவரை சிவந்த பிறகே பறிக்கப்பட்டன. "யாரப் பார்த்துக் கத்துக்கிட்டா?" என்று பெரியவள் காற்றிடம் கேட்பாள். "சுமாரான பழத்த வளர்க்கப் பெரிய படிப்பு வேணுமாக்கும்" என்று காற்று பதில் சொல்லும்.

இரண்டு பாத்தியிலும் பழம் குலுங்கியது. அண்ணனும் தம்பியும் மட்டும் எந்தப் பக்கத்துப் பழத்தைத் தொட்டால் எந்தப் பக்கம் வெடிக்குமோ என்று பயந்து, பஸ் நிறுத்தத்துக் கடையில் டப்பா ஸ்ட்ராபெரி வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.