சவேரிமுத்து குடிக்காத சாராயம்

போன கிழமை அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்த மருமகள், பூச்சி உருண்டை நெடியோடு ஒரு பழைய சஞ்சிகையைத் தூக்கிக் காட்டி, “மாமா, இத வச்சிருக்கிறதா, வீசறதா?” என்று கேட்டாள். தாளின் பழுப்பைப் பார்த்ததுமே எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. “வை” என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது போலும். அவள் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதிலே என் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன், முதல் பாதிக்கு நீங்கள் சிரிக்கலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கண்டியில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் கிளாக்கராக இருந்தேன். நாள் முழுக்கப் பெட்டிகளின் இலக்கத்தை எழுதுகிற கை. எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஒரு சஞ்சிகை நடத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், தாமே எழுதி, தாமே பிழை திருத்தி, தாமே தபாலில் சேர்த்து ஓய்ந்துபோயிருந்தார். “விசுவாசத்தைப் பற்றி எழுதத் தெரிஞ்ச ஆக்கள் எழுதாட்டி, ஆர் எழுதிறது?” என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டார். தேவ மகிமைக்காகத்தான் எழுதப் போகிறேன் என்று நானும் நம்பினேன். முதல் கட்டுரை வந்த அன்று சஞ்சிகையை மூன்று முறை பிரித்தேன். மூன்று முறையும் கடைசி வரிக்குக் கீழே இருந்த என் பெயரைத்தான் பார்த்தேன்.

ஆனால் ஒரே ஒரு கட்டுரையை உள்ளம் கசிந்து எழுதினேன். இப்போது அந்தத் தாளை யார் முகர்ந்தாலும் பூச்சி உருண்டைதான் மணக்கும். எனக்கோ ஈர இலைகளின் வாசனை வருகிறது. குளக்கரை வீதியில் மழைக்குப் பிறகு இலைகள் அப்படித்தான் ஒட்டிக் கிடக்கும். அதைக் கூட்டுகிறவர் சவேரிமுத்து. மஹய்யாவ லயத்தில், நகரசபைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மத்தியானம் கோயில் மணி அடித்தால் விளக்குமாற்றைக் கீழே வைத்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, வீதியோரத்தில் நின்று திரிகால செபம் சொல்லுவார். மோட்டார் வண்டி புழுதியை வாரி இறைத்தாலும் அசையமாட்டார். அதே மணிக்கு நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நெஞ்சைச் சொறிகிற மாதிரி ஒரு சிறிய சிலுவை போட்டுக்கொள்வேன்.

“நாலு பேர் பாக்கிறாங்களே, கூச்சமா இல்லையா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“எனக்கு எழுத்து தெரியாது, கிளாக்கரய்யா. சாமியப் பத்திச் சொல்றதுக்கு இந்த ஒடம்புதான் இருக்கு. நீங்க எழுதினா, நாம போகாத எடத்துக்கெல்லாம் அது போகுமே.”

அன்றே உட்கார்ந்து எழுதினேன். சுவாமியார் அந்தப் பகுதிக்கு வைத்திருந்த தலைப்பு ‘மனந்திரும்பியவர்கள்’. இங்கேதான் சிக்கல். திரும்ப வேண்டுமானால் எங்கிருந்தாவது திரும்ப வேண்டுமே. சவேரிமுத்துவோ பிறந்ததிலிருந்து நேராக நடந்தவர். அதனால், “முன்னாளில் சாராயமே கதியென்று கிடந்த இவர்” என்று ஒரு வரி சேர்த்தேன். கட்டுரைக்கு ருசியாகத்தான் இருந்தது.

சஞ்சிகை வந்ததும் சவேரிமுத்து குளக்கட்டில் உட்கார்ந்து என்னை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த வரி வந்தபோது என் நாக்கு அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டு, மஹய்யாவயில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கொடுத்திருக்கிறார். கடை நிறைய ஆட்கள் இருந்தார்களாம். நானா ஓர் எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தார். அவர் மேல் என்ன குற்றம்.

மறுநாள் குளக்கரையில் சவேரிமுத்து என்னை மறித்தார். “அன்னைக்கு நீங்க படிக்கிறப்போ அந்தச் சாராயப் பேச்சு அதுல இல்லியே, கிளாக்கரய்யா.”

“அச்சுக்கூடத்துல தவறா சேத்துட்டாங்க” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா.

“எங்கப்பா குடிச்சுத்தான் செத்தாரு. அதனால நான் தொட்டதே இல்ல. லயத்துல நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி, சாமி முன்னால குடிக்கமாட்டோம்னு சத்தியம் பண்ண வச்சேன். இப்ப, ‘நீயும் குடிச்சவந்தானே, பேப்பர்லயே போட்டிருக்கு’ங்கிறானுங்க. அது பொய்யின்னு ஒரு வரி போட்டுருங்க.”

போடுகிறேன் என்றேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிக்கு அப்பாலிருந்து சுவாமியார், “அச்சிலை கெடுத்த பேரை அச்சிலைதான் திருத்த வேணும். அடுத்த மாசமே எழுதும்” என்றார். பாவவிமோசனம் தந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிக் குருவானவர் வெளியே வந்து வாய் திறக்கக் கூடாது, சொன்னவனிடமும் கூடாது. அடுத்த மாதம் செபமாலையைப் பற்றி ஒரு அழகான கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவாமியார் கடைசித் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. “சரி” என்று வாங்கி வைத்தார். அவரால் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மாதாமாதம் அந்த மௌனத்துக்குள் ஒளிந்துகொண்டேன். என் பெயருக்கு மேலே ‘நான் பொய் எழுதினேன்’ என்று அச்சாவதை நினைத்தாலே கை எழவில்லை. வெட்கங்கெட்டவன் நான். எழுதத் தூண்டிய அதே பெயராசைதான் எழுதவிடாமலும் செய்தது.

சவேரிமுத்து இரண்டு தரம் கேட்டார், பிறகு கேட்கவில்லை. நான் மத்தியானத்தில் வேறு வீதியால் போகப் பழகிக்கொண்டேன். லயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை என்றும், சத்தியம் செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கள்ளுக்கடைக்குத் திரும்பினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். முப்பதுகளின் நடுவில் சுவாமியார் மாற்றலாகிப் போனார், சஞ்சிகையும் நின்றது. அதற்கடுத்த மழைக்காலத்தில் சவேரிமுத்து காய்ச்சலில் போய்விட்டார். அடக்கத்தில் கடைசி ஆளாக நடந்தேன். எனக்கு முன்னால் போன ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “முந்தி குடிச்ச ஒடம்பு, தாங்கல” என்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இன்று அந்த லயம் இல்லை, அச்சுக்கூடம் இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை. மணி அடித்தால் குளக்கரையில் நிற்பவரும் யாரும் இல்லை. அப்படியொரு மனிதர் இருந்தார் என்பதற்கு எழுத்தில் இருப்பது என் மேசையில் கிடக்கும் இந்த ஒரு பக்கம்தான். சஞ்சிகை எந்தெந்த ஊர்களுக்குப் போனதோ, அங்கெல்லாம் அவர் ஒரு குடிகாரர்.

சவேரிமுத்து சாராயத்தைத் தொட்டதே இல்லை. அது அச்சுக்கூடத்தின் பிழையும் இல்லை. நான்தான் எழுதினேன்.