வீட்டுக்கு ஒரு ஆள்

எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். பயம் வந்தால் சத்தமே வராது. நன்னிலம் பக்கத்தில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். நான் கத்திக்கொண்டிருந்தால் அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார். நான் பேசாமல் இருந்தால்தான் எழுந்து வந்து, "என்ன ஆச்சு?" என்பார்.

அன்றைக்குக் கேட்க அவர் இல்லை. அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். மெஷினோடு ஆந்திராப் பக்கம் போயிருந்தார். ஆற்றில் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று ஊரே நாற்றங்கால் வேலையில் இறங்கியிருந்த நேரம். நானும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனும் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கோயில் மைக் கரகரத்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. நம்ம வாய்க்காலுக்கு இந்த வருஷம் பொக்லைன் வரலைங்க. தண்ணி வர்றதுக்குள்ள நாமளே வெட்டியாகணும். வீட்டுக்கு ஒரு ஆள் கண்டிப்பா வந்துடுங்க. வராத வீட்டை ஊர் பாத்துக்கும்."

பிட்ட இட்லி விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், வன்னியில் பிறந்தவள். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அங்கேயும் இயக்கத்துக்காரர்கள் ஒரு வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வந்து இதையேதான் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். அது வாய்க்கால் வெட்ட இல்லை, சண்டை போட.

எங்கள் வீட்டில் நானும் பதினைந்து வயது அண்ணனும்தான் பிள்ளைகள். விமானத்துக்குப் பயந்து வெட்டிய பதுங்குகுழியில் அம்மா எங்களை மனிதருக்குப் பயந்து ஒளித்துவைத்தாள். மேலே தென்னங்கீற்றைப் போட்டு விறகை அடுக்கினாள். ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். துப்பாக்கி வைத்திருந்தவன் அண்ணனுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த பையன். துப்பாக்கியின் வார் அவனுக்கு நீளமாக இருந்தது. துப்பாக்கி அவன் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. அவனும் பயந்துபோய்த்தான் இருந்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவனைப் பார்த்து எனக்குப் பாவாடையோடு மூத்திரம் போய்விட்டது.

"அண்ணன் இல்லாட்டி தங்கச்சியைக் கூப்பிடுங்கோ" என்று அவன் அம்மாவிடம் சொன்னான்.

என் பக்கத்தில் குந்தியிருந்த அண்ணன் விறகைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நான் வாறன். வீட்டுக்கு ஒராள்தானே. தங்கச்சியை விடுங்கோ."

இரண்டு பேருக்கும் நடுவில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சில மாதம் கழித்து ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. சுவரோடு முதுகை ஒட்டிவைத்துக்கொண்டு சாப்பிட்டான். முன்பெல்லாம் மீன் துண்டுக்கு என்னோடு அடிபிடி சண்டை போடுகிறவன், தன்னுடையதையும் எடுத்து என் தட்டில் வைத்தான். என் கை பட்டுச் சட்டி மூடி கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். யாரும் சிரிக்கவில்லை. அவன் வெளியே வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். அதன் பிறகு அவன் வரவில்லை. சேதியும் வரவில்லை.

அன்றிலிருந்து வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் அம்மா, "வந்திட்டானோ?" என்பாள். "இல்லை அம்மா" என்று சொல்வது என் வேலை. படகேறி இந்தியா வந்து முகாம் வீட்டில் குடியிருந்தபோதும், காற்றில் கதவு ஆடினால் அதே கேள்விதான். போகப் போக நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். அப்பா பெயிண்ட் வேலைக்கு வந்த இடத்தில் எனக்குச் சம்பந்தம் பேசி இந்த ஊருக்கு அனுப்பினார். அப்பா இறந்துபோன பிறகும் அம்மா முகாமில்தான் இருக்கிறாள்.

இவ்வளவும் ஒரு இட்லி விள்ளலுக்குள் மனதில் ஓடி முடிந்தது. அதற்குள் வாசலில் பைக் சத்தம். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர், தோளில் மண்வெட்டியோடு.

"அக்கா, உங்க வீட்டுல யாரு வர்றீங்க? அண்ணன்தான் ஊர்ல இல்லையே. தம்பிய அனுப்புங்க, நல்லா வளந்துட்டான்ல?"

வளர்ந்துவிட்டான்தான். அந்த வருஷம்தான் என் தோளைத் தாண்டியிருந்தான். அவன் வளர வளர எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பதினைந்து நெருங்குகிறதே என்று இருக்கும். "அவனுக்குக் காய்ச்சல்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டேன். சொன்னேன். 'வீட்டுக்கு ஒரு ஆள்' என்றதற்கு மேல் அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை.

"பெடியனை வெளியால விடாதை பிள்ளை" என்றாள்.

விதைநெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் மகனைத் தள்ளினேன். அவனுக்கு ஒரு மாமா இருந்தார், சண்டையில் காணாமல் போனார் என்பது மட்டும்தான் தெரியும். எப்படிப் போனார் என்று நான் சொன்னதில்லை.

"ஏம்மா, வாய்க்கால் வெட்டத்தானே கூப்புடுறாங்க? என்னமோ பார்டருக்குக் கூப்புடுற மாதிரி பண்றியே!" என்று சிரித்தான். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றால் நான் போகிறேன் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும். ஆண்களும் பெண்களுமாக இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் கால் வைத்து நாலு வெட்டு வெட்டியிருக்க மாட்டேன், கரையில் என் மகன் நின்றான். கூரையைத் தொடாத அறைத் தடுப்புச் சுவரேறிக் குதித்திருக்கிறான்; முழங்கை உராய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. சரசரவென்று இறங்கி என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான்.

"நீ ஏறும்மா. வீட்டுக்கு ஒரு ஆள்தானே? நான் வெட்டுறேன்."

அண்ணனின் வார்த்தை. அதைக் கேட்டேயிராத என் பிள்ளையின் வாயில். "வாடா வீட்டுக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"பரவாயில்லையே, காய்ச்சக்காரன் வந்துட்டான்! நீங்க போங்கம்மா" என்றார் முன்னால் நின்று வேலை வாங்கியவர். எல்லாரும் சிரித்தார்கள். கரையேறினேன். ஆனால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஒதியமரத்தடியில் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியபோது, காலையில் வீட்டுக்கு வந்த அந்தப் பையன்கள் கரையேறி பைக்கை எடுத்தார்கள். ஒருவன் வாய்க்காலைப் பார்த்து, "ஏறுடா" என்றான். என் மகன் ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தான்.

நான் ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. கத்துகிறேன், கத்துகிறேன், காற்றுதான் வருகிறது. மூங்கில் கொத்தைத் தாண்டி பைக் திரும்பியது. அதற்கப்புறம் வெறும் ரோடு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏம்மா, கடைக்கு டீ வாங்கத்தானே போறாங்க? புள்ளைய யாரு தூக்கிட்டுப் போகப் போறா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிறது சரியாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பேயைப் பார்த்தவளுக்குத்தானே தெரியும்.

பால்காரர் வந்தார். உர மூட்டையோடு ஒரு வண்டி வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அம்மா இப்படித்தானே இத்தனை வருஷமாக எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த ரோட்டில்தான் எனக்கு உறைத்தது.

பிறகு அந்த பைக் வந்தது. நடுவில் அவன். மடியில் டீ தூக்கு.

"அம்மா, பிடி பிடி, சுடுது!"

தூக்கை வாங்கிக் கீழே வைத்தேன். பளாரென்று அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். அதன் பிறகுதான் குரல் வந்தது. அந்த இரண்டு பேரையும் பிடித்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை.

பாவம், ஒருவன் தலையைச் சொறிந்தான். "சாரிக்கா. இனிமே ட்ரிபிள்ஸ் போக மாட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகையாகிவிட்டது. மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவனிடம் அன்றைக்குச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன், குழியையும், விறகையும், அந்த முழங்காலில் இடித்த துப்பாக்கியையும். அவன் எழுந்து போய்க் குழாயடியில் காலில் இருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வந்திட்டானோ?"

"வந்திட்டான் அம்மா."

அந்தக் கேள்விக்கு நான் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா, "சாப்பிட்டானோ?" என்றாள்.